சத்தமில்லாமல் பார்த்த பாட்டுப் போட்டி

(ஏப்ரல் மாதத்தில் திருவொற்றியூரில் நடந்த மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வெகுசன ஊடகமும் தலித் பண்பாடும்’. நோட்டீசுல அப்படித்தான் போட்டிருக்கு. இந்தத் தலைப்பில் பேச என்னைவிடப் படித்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டுடைப்பு, பெருங்கதையாடல் எல்லாம் அவர்கள் பேசுவார்கள், நானும் கேட்டுக்கிறேன். எனக்குத் தெரிஞ்சது ராயபுரத்துல ஒரு தெரு, அந்தத் தெருவுல ஒரு ராத்திரி. அதைத்தான் சொல்லப் போறேன். அதிலிருந்து தத்துவம் ஏதாவது கிடைச்சா நீங்களே எடுத்துக்குங்க.

2018 சூலை 15, ஞாயிற்றுக்கிழமை. விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசனுக்கு இறுதிப் போட்டி. எங்க அக்கா பொண்ணுக்கு அப்போ பதினஞ்சு வயசு. மாசக்கணக்கா அந்த நிகழ்ச்சியே கதின்னு கிடந்தா. யார் எந்தச் சுற்றுல எந்தப் பாட்டுப் பாடினாங்க, யாருக்கு எவ்வளவு மார்க்கு, எல்லாம் மனப்பாடம். பரீட்சைக்கு அப்படிப் படிச்சிருந்தா இந்நேரம் கலெக்டர் ஆகியிருப்பான்னு எங்க அம்மா திட்டும்.

அன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்கு மூணு வீடு தள்ளி ஒரு பெரியவர் செத்துப் போயிட்டார். துறைமுகத்துல கலாசியா இருந்தவர். நிலக்கரி இறக்கின காலத்து ஆளு. 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவால சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத் தாதும் நிறுத்தப்படற வரைக்கும், எங்க தெருவுல கொடியில காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பல் நிறமாத்தான் உள்ளே வரும். நிறுத்தினாங்க. நிலக்கரி எண்ணூருக்குப் போச்சு. அங்கே மூச்சு விடறதும் நம்ம ஜனந்தான், அது வேற கதை.

தெருவுல சாவு விழுந்தா யாரும் டிவி போடக்கூடாது. எழுதி வெச்ச சட்டம் கிடையாது, ஆனா எங்க பக்கத்துல இதை மீறின வீட்டை எனக்குத் தெரியாது. பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டா. கடைசியில எங்க அம்மா ஒரு பஞ்சாயத்து பண்ணுச்சு: “போட்டுக்கோ, ஆனா சத்தம் வெளிய வந்துச்சுன்னா ஒயரைப் புடுங்கிடுவேன்.” அப்புறம் அதுவே சொல்லுச்சு, “உள்ளயும் வரக்கூடாது.”

ஆக, அந்தப் பாட்டுப் போட்டியோட இறுதிச் சுற்றை நாங்க சத்தமே இல்லாம பார்த்தோம். கதவைச் சாத்திட்டு எட்டுப் பேர், டிவியில வாய் அசையுது, விளக்கு சுத்துது, கூட்டம் கை தட்டுது. வெளியில பந்தல்ல கானா. டோலக்கு, டேப், கீபோர்டு ஒண்ணு, எக்கோ வெச்ச மைக்கு. டிவியில ஒரு பொண்ணு கண்ணை மூடி மெலடி பாடறா. எங்களுக்குக் கேக்கிறது என்னவோ பெரியவர் முதமுதல்ல ஆர்பருக்கு எந்த மேஸ்திரியோட போனார்ங்கிற பாட்டு. முதல்ல சிரிச்சோம். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கல.

கானா எப்படிப் பாடறாங்கன்னு வெளியூர்த் தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்றேன். சினிமாவில் நீங்கள் கேட்டது வேற. தேவா 1990களில் சினிமாவுக்குக் கொண்டுபோனார், அதுக்கப்புறம் காதல் தோல்வின்னா கானா, குடிச்சா கானா. கானா உலகநாதன் 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’ மூலமாத் தெரிஞ்சார், சட்டம் படிச்ச கானா பாலா 2012-ல் ‘அட்டகத்தி’யில் பாடி ஊரெல்லாம் தெரிஞ்சார். நல்லது. ஆனா சாவு வீட்டுக் கானாவுக்குப் பாடகர் வந்ததும் முதல்ல கேக்கிறது ஒரு துண்டுச் சீட்டு. செத்தவர் பேரு, பொண்டாட்டி பேரு, புள்ளைங்க, மருமகளுங்க, பேரன் பேத்தி, எந்த வேலை, எந்த ஊர்லேர்ந்து வந்த குடும்பம். அது முழுக்கப் பாட்டுக்குள்ள வந்தாகணும். ஒரு பேரு விட்டுப்போச்சுன்னா அந்த மருமக காலையில சண்டைக்கு வருவா. விடிய விடிய பாடுவாங்க. நடுவுல ஒருத்தர் மைக்கை வாங்கித் தப்பும் தவறுமா ரெண்டு அடி பாடுவார், அவருக்கும் விசில் உண்டு. யாரையும் ‘எலிமினேட்’ பண்றது கிடையாது.

இதைச் சொர்க்கம்னு சொல்ல வரல. உள்ளே ஐஸ் பெட்டியைச் சுத்தி உக்காந்து ஒப்பாரி வைக்கிறது பொம்பளைங்க. வெளிய சாமியானாவுல மைக்கு பிடிக்கிறது ஆம்பளைங்க. கானாக்காரருக்குக் காசு, பேரு, போஸ்டர். ஒப்பாரி வைக்கிற கிழவிக்கு ஒரு சொம்புத் தண்ணி. நானும் சின்ன வயசிலேர்ந்து கேட்டிருக்கேன்: உள்ளே ஒருத்தி அழுது பாடின சொல்லு, அரை மணி நேரத்துல வெளியில கானாவா வரும். அவளுக்கே தெரியாது. கானா சித்தர் பாட்டிலேர்ந்து வந்ததுன்னு சிலர் சொல்றாங்க. இருக்கலாம். எங்க தெருவுல அது ஆயாக்கள் கிட்டேர்ந்து வந்துச்சு.

மேடையிலும் அதே கதைதான். சூப்பர் சிங்கர் 2006-ல் ஆரம்பிச்சாங்க. சின்னப் புள்ளைங்க பிரிவை விட்டுடுங்க, அதுல பொண்ணுங்க ஜெயிச்சிருக்காங்க. பெரியவங்க பிரிவுல முதல் எட்டுப் பட்டமும் ஆம்பளைங்களுக்கு. 2023-ல் ஒன்பதாவது சீசன்ல அருணா ஜெயிச்சப்பத்தான் முதல் பொண்ணு. பதினேழு வருசம். ‘தமிழகத்தின் பிரம்மாண்டக் குரல் தேடல்’னு பேரு வெச்சுத்தான் தேடினாங்க.

சரி, அந்த ராத்திரிக்கு வர்றேன். அந்த வருசம் இறுதிச் சுற்றுல நின்னவர் செந்தில் கணேஷ். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கிராமத்து மேடைகளில் மக்கள் பாட்டுப் பாடி வந்தவர். அவர் மனைவி ராஜலட்சுமியும் அதே சீசன்ல போட்டியாளர். ரெண்டு பேரும் சினிமாப் பாட்டுக்காரங்களுக்கு நடுவுல நாட்டுப்புறப் பாட்டுப் பாடிக்கிட்டே மேல வந்தாங்க. எங்க வீட்டுல எல்லாரும் அவர் பக்கம். பொண்ணு மூணு பேரோட போனை வாங்கி ஓட்டுப் போட்டா. எனக்கு ஒரு நெனப்பு வந்துச்சு. அண்ணல் 1932-ல் நமக்குன்னு ரெண்டு ஓட்டு வாங்கினார், பூனாவில் அதைப் புடுங்கிக்கிட்டாங்க. எங்க வீட்டுப் பொண்ணு ஒரே சாயங்காலத்துல மூணு ஓட்டுப் போட்டுட்டா, யாரும் உண்ணாவிரதம் இருக்கல.

பத்து மணிக்குப் போலீஸ் வந்துச்சு. ராத்திரி பத்திலேர்ந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ல் வந்த விதி இருக்கு. இருக்கட்டும், வேணும்தான். கைக்குழந்தை இருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற புள்ளை இருக்கும். ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் டோலக்கும் தொண்டையும் மட்டும். டிவியில கச்சேரி நடந்துக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு எந்த ஸ்டேஷன்லேர்ந்தும் ஆள் வராது. எங்களுக்குத்தான் அந்த டிவியும் ஊமையா இருந்துச்சு.

முடிவு சொன்னாங்க. செந்தில் கணேஷ். சத்தமில்லாததால அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு அழறா. அக்கா பையன் பந்தலுக்கு ஓடிப்போய்ச் சொல்லிட்டான், “கிராமத்துப் பாட்டுப் பாடுறவரு ஜெயிச்சுட்டாரு!” சாவு வீட்டுல விசில். கானா பாடிக்கிட்டிருந்தவர் அப்படியே தாளத்தை மாத்தி, செத்த பெரியவர் மேலே போய் அந்தச் சேதியைச் சொல்ற மாதிரி ரெண்டு அடி சேத்துட்டார். பெரியவரோட மக வெளியே வந்து கும்பிட்டுட்டு உள்ளே போனாங்க.

நானும் சந்தோசப்பட்டேன். அதை மறைக்க விரும்பல. நம்ம தோழர்கள் சிலர் இந்த மாதிரி நிகழ்ச்சியெல்லாம் முதலாளித்துவச் சதின்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. சதிதான். ஆனா எட்டு பேரு கதவைச் சாத்திட்டு ஊமைப் படம் மாதிரி பார்த்தோமே, அதுக்குப் பதில் வேணும் இல்லையா?

அந்தப் பதிலை எனக்குள்ளேயே தேடினப்போ ரெண்டு மூணு விசயம் உறுத்துச்சு.

முதல்ல பரிசு. ஐம்பது லட்சம் ரூபா வீடுன்னு சொன்னாங்க. பாட்டுக்கு வீடு. இந்த நிகழ்ச்சியில பல வருசமா வீடுதான் பெரிய பரிசு. பணம் கொடுக்கலாம், கார் கொடுக்கலாம், வீடு கொடுத்தாத்தான் பாக்கிற சனத்துக்கு நெஞ்சடைக்கும்னு அவங்களுக்குத் தெரியும். எங்க அம்மா கேட்டுச்சு, “வீடு எங்கயாம்? போர்டு வீடா?” எங்க பக்கம் வீடுன்னா அதுதான். குடிசை மாற்று வாரியம் 1970-ல் வந்துச்சு, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரை மாத்திக்கிட்டாங்க. அதே 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்புல சுவத்தைத் தொட்டா பூச்சு உதிர்ந்துச்சு, நாடே பார்த்துச்சு. அதே வருசம் டிசம்பர் 27-ஆம் தேதி இதே திருவொற்றியூர் அறிவாக்குளத்துல போர்டு கட்டடம் இடிஞ்சு இருபத்து நாலு வீடு தரைமட்டம். விரிசலைப் பார்த்து முன்னாடியே சனங்களை வெளியேத்தினதால உயிர் தப்பிச்சுது. இன்னொரு பக்கம் கடல் தின்ன வீடுகள், சாலைக்காகப் போன வீடுகள், கண்ணகி நகர், பெரும்பாக்கம். எழுபது வருசமா துறைமுகத்துல மூட்டை தூக்கின சனத்துக்கு உரிமையா வராத வீடு, ஒரு ராத்திரியில ஒரே ஒரு ஆளுக்குப் பரிசா வருது. அந்த ஆள் மேல எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அவர் பாடிச் சம்பாதிச்சது. வீடுங்கிறதைப் பரிசாக்கின மனசைத்தான் சொல்றேன்.

ரெண்டாவது, வறுமையைக் காட்டற விதம். ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஒரு குறும்படம் போடுவாங்க பாருங்க. ஓட்டு வீடு, ஒழுகுற கூரை, அம்மா அடுப்பு ஊதுது, பின்னாடி புல்லாங்குழல். வறுமையை எவ்வளவு வேணும்னாலும் காட்டலாம். அந்த வறுமைக்கு ஒரு சாதி இருக்குங்கிறதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எந்தத் தெரு, ஏன் அந்தத் தெரு, சுடுகாட்டுக்குப் போற வழி எது, ஒண்ணும் வராது. ‘கஷ்டப்பட்ட குடும்பம்.’ முடிஞ்சுது. மேடையில அரசியலே வராதுன்னு சொல்ல முடியாது. 2015 ஜூனியர் இறுதிப் போட்டியில் கனடாவிலேர்ந்து வந்த ஈழத்துப் பொண்ணு ஜெசிக்கா ரெண்டாம் இடம் வந்து, பரிசாக் கிடைச்ச தங்கத்தை ஆதரவில்லாத புள்ளைங்களுக்குக் கொடுக்கறதா அங்கேயே அறிவிச்சாங்க. அரங்கமே அழுதுச்சு, நாங்களும் அழுதோம். ஈழத்துக் கண்ணீருக்கு அந்த மேடையில இடம் கிடைச்சுது, சேரிக் கண்ணீர் வந்தா அது வெறும் ஏழைக் கண்ணீரா மாறித்தான் வரணும். திரையில சொல்லாததை வீட்டுல தேடறவன் இருக்கான். 2016 ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெள்ளி வாங்கினப்போ, அவர் என்ன சாதின்னு கூகுளில் தேடினவங்க எண்ணிக்கையே செய்தியா வந்துச்சு. மறந்திருக்க மாட்டீங்க.

மூணாவதா ‘மண் வாசனை’. நாட்டுப்புறப் பாட்டு பாடினா உடனே மண் வாசனைங்கிறாங்க. சிவப்பு, பச்சையில துணி உடுத்தி விட்டு, பின்னாடி வைக்கோல் போர் படம். கானான்னா லுங்கி, கழுத்துல கர்ச்சீப். எங்க மண்ணுக்கு என்ன வாசனைன்னு யாராவது கேட்டா சொல்லலாம். 2017 சனவரியில் எண்ணூர்க் கடல்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சே, வாளி வாளியா அள்ளினாங்களே, அந்த வாசனை. 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்துல வீட்டுச் சுவரு வரைக்கும் ஏறுச்சே, அது. அதே மாசம் 26-ஆம் தேதி நடுராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு சனங்க கைக்குழந்தையைத் தூக்கிட்டு ரோட்டுல ஓடுச்சே, அது. கர்நாடக சங்கீதக்காரர் டி.எம். கிருஷ்ணா 2017-ல் எண்ணூர்க் கழிமுகத்துல நின்னு ‘புறம்போக்கு’ பாட்டுப் பாடினார். கபேர் வாசுகி எழுதினது. நல்ல காரியம், உலகமெல்லாம் பார்த்துச்சு. அந்தக் கழிமுகத்துல இறால் தடவுற பொம்பளை பாடியிருந்தா யாரு பார்த்திருப்பான்னு கேக்கறதுல தப்பில்லைன்னு நினைக்கிறேன். கிருஷ்ணாவே இதைக் கேக்கக்கூடிய ஆள்தான்.

தேர்வு பண்றதுங்கிறது புதுசில்லை. அகில இந்திய வானொலியில ஆர்மோனியத்துக்கே 1940-லேர்ந்து 1971 வரைக்கும் தடை. அந்தப் பொட்டிக்குச் சுத்தமான சுருதி வராதாம். ஒரு பொட்டிக்கே அந்தக் கதின்னா பறைக்கு என்ன ஆகும்? தமிழிசை இயக்கம் 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தீர்மானம் போட்டு, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டுச்சு. தெலுங்குக் கீர்த்தனைக்கு நடுவுல தமிழுக்கு இடம் கேட்டாங்க, சண்டை போட்டாங்க, பெரிய விசயம். தேவாரம் உள்ளே போச்சு. கதவுக்கு வெளிய நின்ன பறையை யாரும் கூப்பிடல. அதைக் கூப்பிட நாமதான் வேண்டியிருந்துச்சு. 1990களில் மதுரையில் தலித் கலைவிழாக்கள் நடந்தப்போ நம்ம தோழர்கள் நடுவுலேயே பெரிய விவாதம்: பறை சாவுக்கு அடிக்கிற இழிவு, தூக்கிப் போட்டுக் கொளுத்துங்கிறவங்க ஒரு பக்கம், அதுவே நம்ம போர்க்கருவிங்கிறவங்க ஒரு பக்கம். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு. அடிக்க மாட்டேன்னு சொல்லி உதை வாங்கினவங்களை நான் ஒரு நாளும் குறைச்சுப் பேச மாட்டேன்.

2018 சனவரி 6, அதாவது நான் சொன்ன ராத்திரிக்கு ஆறு மாசம் முன்னாடி, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்துல ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி. பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து பண்ணினது. பேரு அயோத்திதாசப் பண்டிதர்கிட்டேர்ந்து வந்தது. அங்கே கானா சாதியைப் பேரு சொல்லிப் பாடுச்சு, இடஒதுக்கீட்டைப் பாடுச்சு. ராயபுரத்துப் பொண்ணு இசைவாணி அந்த மேடையில நின்னாங்க. 2020-ல் பி.பி.சி. நூறு பெண்கள் பட்டியல்ல அவங்க பேரு வந்துச்சு. அதே இசைவாணி 2021-ல் பிக் பாஸ் வீட்டுக்குள்ள போனப்போ எங்க தெருவே பார்த்துச்சு. அந்த மேடையும் வேணும் இந்த டிவியும் வேணும்னு சனங்க இருக்காங்க. நாம அதுல ஒண்ணைப் பிடுங்க முடியாது. 2024 நவம்பர்ல அவங்க பழைய பாட்டு ஒண்ணைக் கிளறி எடுத்து மிரட்டினாங்களே, அப்போ எந்த டிவி மேடையும் கூட நிக்கல. தெருதான் நின்னுச்சு.

இப்ப அக்கா பொண்ணு விசயம். அந்த 2018 ராத்திரிக்கு அப்புறம் அவளுக்கும் ஆசை வந்துடுச்சு. ஒரு பாட்டுப் போட்டித் தேர்வுக்குக் கூட்டிட்டுப் போனேன். எந்தச் சேனல்னு வேண்டாம். காலையில ஆறு மணிக்கு வரிசையில நின்னு மதியம் ரெண்டு மணிக்கு உள்ளே போனா. கானா பாடினா. “நல்லா இருக்கும்மா, வேற ஏதாவது மெலடி?” மெலடி பாடினா. “ழகரம் வரலையே.” அவ பேச்சு எங்க தெருப் பேச்சு, என்ன பண்றது. அதோட விட்டிருக்கலாம். இன்னொருத்தர் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கார்: அப்பா என்ன பண்றார், வீட்டுல என்ன கஷ்டம், யாராவது இறந்து போயிட்டாங்களா? இவ, “அப்பா நல்லா இருக்கார் சார், ஆட்டோ ஓட்றார், வீட்டுல ஒண்ணும் கஷ்டமில்லை”ன்னு சொல்லிட்டா. பொய்தான். கஷ்டம் இல்லாத வீடா? வெளியே வந்து என்கிட்ட சொன்னா, “சித்தி, அவங்களுக்கு என்னாத்துக்கு நம்ம கஷ்டம்?” ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல சுண்டல் வாங்கித் தின்னுட்டு வந்தோம். அப்புறம் அவங்க கூப்பிடல.

நான் அதுக்கப்புறம் அவளைப் பாட்டு கிளாசுல சேக்கலாமான்னு யோசிச்சேன். ழகரம் வரவைக்கலாம், அது ஒண்ணும் துரோகம் இல்லை, நம்ம புள்ளைங்களுக்கு எல்லாம் வரணும். ஆனா அதுக்காகக் கானாவை அவ வீட்டுல விட்டுட்டுப் போகணும்னு நிபந்தனை வெச்சா அதை ஒத்துக்க முடியாது.

2022-ல் எங்க அம்மா செத்துப் போச்சு. காசிமேட்டுல இறால் உரிக்கிற ஷெட்டுல முப்பது வருசம் வேலை பார்த்த அம்மா. விரல் நுனியெல்லாம் வெந்து தோலுரிஞ்சு இருக்கும். எங்க தெருவுல ஒப்பாரிக்கு அதைத்தான் கூப்பிடுவாங்க. அதோட பாட்டு ஒண்ணைக்கூட நான் டேப்புல எடுத்து வைக்கல. கையில போன் இருந்துச்சு, நாளைக்குப் பண்ணிக்கலாம்னு இருந்துட்டேன். மாணவர்கள் உங்ககிட்ட ஒரு வேலை கேக்கணும்னா இதைத்தான் கேப்பேன். உங்க தெருவுல இருக்கிற கிழவிங்க பாடறதைப் பதிவு பண்ணுங்க. பண்ணும்போது அவங்க பேரையும் வேலையையும் சேத்து எழுதுங்க. ‘நாட்டுப்புறப் பாடல், வடசென்னை, பாடியவர் மூதாட்டி’ன்னு போடாதீங்க.

அன்னிக்கு ராத்திரி பந்தல்ல கானா. அக்கா பொண்ணு போய் மைக்கைக் கேட்டா. எங்க மாமா ஒருத்தர், கட்சியில இருக்கிறவர், மேடையில பெண்ணுரிமை பேசறவர், “பொம்பளைப் புள்ளை, சாவுல, வேணாம்மா”ன்னார். கானா பாட வந்தவர் ஒண்ணும் பேசாம அவர் கையில இருந்த துண்டுச் சீட்டை அவகிட்ட கொடுத்துட்டு டோலக்கை வாங்கிக்கிட்டார். பாடினா. உள்ளேர்ந்து பொம்பளைங்க ஒவ்வொருத்தரா எழுந்து வெளியே வந்தாங்க, ஐஸ் பெட்டிக்கிட்ட நானும் அக்காவும் மட்டும். பத்து மணிக்கு மைக்கை நிறுத்தினதுக்கு அப்புறமும் அவ குரல் உள்ளே வரைக்கும் வந்துச்சு.

அந்தத் துண்டுச் சீட்டு என்கிட்ட இருக்கு. எங்க மாமா எழுதினது. அம்மா வேலை பார்த்த எடத்தை ‘மீன் மார்க்கெட்’னு எழுதியிருந்தார். அவ பாடும்போது இறால் ஷெட்டுன்னு திருத்திப் பாடினா.